அத்தானின் ஆடாத பலகை

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அத்தானைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்லிவிட்டுப் போனார்கள். பொறுமையானவர், அதிர்ந்து பேசாதவர், தொழிலில் சுத்தம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒருவர்கூடப் படகைப் பற்றிப் பேசவில்லை. படகை விட்டுவிட்டு அவரைச் சொன்னால் அது வேறு யாரோ ஒருவர்.

அக்காவின் கணவர் அவர். பல்செட் செய்வது வேலை. பல் டாக்டர் முன்னறையில் அளவெடுத்து அனுப்புவார். அத்தான் பின்னறையில் உட்கார்ந்து பல் கட்டுவார். அந்த அறையின் அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள் இருக்கும். முதல்முறை உள்ளே போகிறவர்களுக்கு ஊரே கூடித் தங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோலத் தோன்றும்.

ஆடுகிற எதுவும் அத்தானுக்கு ஆகாது. நாற்காலிக் கால் ஆடினால், காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்காமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார். பல்செட்டிலும் அப்படித்தான். செய்ததை அச்சில் பொருத்தி, இடையில் நீலத்தாள் ஒன்றை வைத்து அழுத்துவார். நீலம் எங்கே ஒட்டுகிறதோ அங்கே ஒரு இழை சுரண்டுவார். மறுபடி அழுத்துவார். "இது தன் பல்லு இல்லைன்னு நாக்குக்கே தெரியக் கூடாது மாப்ளே" என்பார். பக்கத்துத் தெரு சோபாக் கடைக்காரருக்கு அவர் செய்த மேல்செட் எவ்வளவு கச்சிதம் என்றால், படுக்கும் முன் அதைக் கழற்ற அவரும் அவர் மனைவியும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

படகு, ஊர் மாறிப் போன ஒரு நண்பர் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. இரண்டு பேர் உட்காரும் சின்னப் பாய்மரப் படகு. படகு வாசலில் கவிழ்ந்து கிடக்கும். அதன் உறுப்புகளெல்லாம் வீட்டுக்குள். பாய்மரம் சமையலறை வாசலில் ஆரம்பித்துப் படுக்கையறைக்குள் போய் முடியும். அதற்குக் கீழே குனிந்து போய்ப் பழகியதில், அக்கா கடைத்தெருவில்கூட அவ்வப்போது காரணமில்லாமல் குனிவாள். சோபா போட வேண்டிய இடத்தில் பாய் மூட்டை கிடந்தது. விருந்தாளிகள் அதன்மேல்தான் உட்காருவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லச் சரிந்து தரைக்கு வந்துவிடுவார்கள்.

இந்த மாதிரிப் படகின் அடிவயிற்றில் நீளமாக ஒரு பிளவு இருக்கும். அதன் வழியே ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். நடுப்பலகை என்று பெயர். அது இறங்கியிருந்தால் காற்று பக்கத்திலிருந்து தள்ளினாலும் படகு நேராகப் போகும். இல்லாவிட்டால் நண்டுபோல ஒதுங்கிக்கொண்டே போகும். கரை நெருங்கும்போது கயிற்றை இழுத்தால் பலகை மடங்கி உள்ளே ஏறிக்கொள்ளும்.

ஒருமுறை அந்தப் பிளவில் கூழாங்கல் சிக்கிப் பலகை இறங்கவே இல்லை. அத்தானும் நானும் ஏரியின் குறுக்கே நண்டுபோல நகர்ந்து கோரைப்புல்லுக்குள் போய்ச் செருகிக்கொண்டோம். வாடகைக்கு விடும் வாத்துப் படகு ஒன்று, காலால் மிதிக்கிற வகை, வந்து எங்களைக் கட்டி இழுத்தது. மிதித்தவர்கள் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். கரையில் நின்று அக்கா பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னாள். "அந்த சோபாக்காரர் ரொம்ப நாளாக் கேக்கிறார். கடை வாசல்ல வெச்சு, உள்ள மெத்தை அடுக்கி அழகு பாக்கணுமாம். பதிலுக்கு மூணு பேர் உட்கார்ற சோபா தர்றாராம். வர்ற ஞாயித்துக்கிழமை கடைசியா ஒருதடவை விடுங்க. தானாப் போயி தானாப் படித்துறைக்கு வந்தா படகு இருக்கட்டும். இன்னொரு தடவை வாத்து இழுத்துட்டு வந்துச்சு, அன்னைக்கே சோபா வீட்டுக்குள்ள வந்துடும்."

"வாத்து என்னம்மா பண்ணுச்சு" என்றார் அத்தான் பரிதாபமாக.

அன்றிலிருந்து அவர் ஊண் உறக்கம் மறந்தார். படகைத் திருப்பிப் போட்டு, அச்சாணியைக் கழற்றி, பலகையை உருவினார். பிளவுக்குள் பல் துலக்கும் பிரஷ் விட்டு மணலையும் சிப்பியையும் எடுத்தார். அடுத்துப் பலகையின் இரண்டு விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து, கயிற்றை மாற்றி, வார்னிஷ் அடித்தார். இத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அச்சாணியை மாட்டிவிட்டுப் பலகையை அசைத்துப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"ஆடுது மாப்ளே."

"ஆடினா என்ன அத்தான்? பல்லா அது, சோறு திங்கறதுக்கு?"

"ஆடுறது ஆடுறதுதான்."

மறுபடி உருவினார். பலகைக்கு மேலும் மேலும் வார்னிஷ் ஏற்றினார். பிளவின் உட்பக்கம் முழுக்க, பல்லுக்கு மெருகேற்றும் கம்பளித் துணியை நாடாவாக வெட்டி ஒட்டினார். நீலத்தாளை உள்ளே விட்டுப் பலகையை ஏற்றி இறக்கினார். கறை பட்ட இடத்தில் ஒரு இழை சுரண்டினார். சனிக்கிழமை பார்த்தபோது பலகை பட்டுப்போல ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. சந்தோஷத்தில் என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்கு அப்போதே தலை நரைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சோபாக்காரர் சும்மா வரவில்லை. குட்டி லாரியில் சோபாவையே ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். கருஞ்சிவப்பு நிறம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. "வெயில்ல எதுக்கும்மா நிக்கறே, உட்காரு" என்று அக்காவை லாரிமேல் ஏற்றி அதில் உட்கார வைத்தார். அக்கா குடை பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி அமர்ந்திருந்தாள்.

படகு அன்று போனதைச் சொல்லித் தீராது. ஏரி நடுவில் இருக்கும் தூணைச் சுற்றிக் கத்தி வெண்ணெயில் போவதுபோலத் திரும்பியது. "கேட்டியா, சத்தம் வருதா? வருதா?" என்று அத்தான் கேட்டுக்கொண்டே வந்தார். படித்துறை கூப்பிடு தூரத்தில் வந்ததும் பலகைக் கயிற்றை இழுத்தார். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். வரவில்லை. மரமும் கம்பளியும் தண்ணீர் குடித்து உப்பி, ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. இடுப்பளவு தண்ணீரில் பலகை சேற்றில் ஊன்ற, படகு நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்று கத்தினாள் அக்கா.

"ஒண்ணுமில்ல, காத்து வாங்கறோம்!" என்றார் அத்தான்.

சோபாக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மாட்டிக்கிச்சும்மா! கழலாது! எனக்குத் தெரியாதா அவர் கைவேலை?" என்று லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தார். வாத்துக்காரர் கயிற்றோடு கிளம்பினார். "அண்ணே, வரட்டுமா?"

"வாத்து கிட்ட வந்துச்சு, நான் பொல்லாதவன் ஆயிருவேன்!" அத்தான் யாரையும் அதட்டி நான் கேட்டது அந்த ஒருதடவைதான்.

தண்ணீரில் குதித்துப் படகை ஒருக்களித்துச் சாய்த்தோம். பலகை நாக்கைத் துருத்துவதுபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே மடக்க அத்தான் தோள் கொடுத்துத் தள்ளினார். பலகை மடங்கவில்லை, படகுதான் திரும்பியது. படகைப் பிடித்துக்கொண்டிருந்த நான் சேற்றில் வழுக்கியபடி கூடவே போனேன். இப்படியே படகும் நாங்களும் ராட்டினம்போலச் சுற்றினோம். கரையில் கூட்டம் சேர்ந்து கைதட்டியது.

மூன்றாவது சுற்றில் லாரியைப் பார்த்தேன். சோபாவில் குடை மட்டும் இருந்தது.

அக்கா தண்ணீருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள். வந்தவள் எங்களைத் திட்டவில்லை. "ரெண்டு பேரும் படகைப் பிடிங்க. அசையவிட்டீங்க, தொலைச்சிருவேன்" என்றாள். பலகையில் முதுகைக் கொடுத்து, சேற்றில் காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளு. கம்பளியெல்லாம் கிழிந்து வர, பலகை பன்றி கத்துவதுபோல அலறிக்கொண்டு உள்ளே போனது.

படகை நிமிர்த்தினோம். அத்தான் அக்காவையே பார்த்தார். "நீ ஏன் வந்தே? உனக்கு சோபா..."

"அது சோபாவா அது? உட்கார்ந்தா உள்ளுக்கு இழுக்குது. எந்திரிக்கிறதுக்குள்ள இடுப்பு போச்சு" என்றாள் அக்கா.

நான் பிறகு தொட்டுப் பார்த்தேன். அந்த சோபா நல்ல கெட்டியான சோபா.

"ஏறவா?" என்றாள். அதுவரை அவள் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. அத்தான் கை கொடுத்து ஏற்றினார். இரண்டு பேருக்குத்தான் இடம். என்னைப் பார்த்து, "டேய், நீ நடந்து போயிடு" என்றாள். படித்துறை பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் படகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பலகையைப் பாதி இறக்குங்க. முழுசா இறக்காதீங்க" என்று அக்கா சொல்வது கேட்டது.

"டொக்கு டொக்குன்னு ஆடும்மா."

"ஆடட்டும்."

தூண் பக்கமாகப் பாய் சிறியதாகிக்கொண்டே போனது. நான் ஈரமாக இருந்ததால் சோபாக்காரர் என்னை உட்கார விடவில்லை. லாரியில் சாய்ந்து நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வருவதற்குள் என் சட்டை காய்ந்துவிட்டது.