ஜெசிந்தாவின் ஓலைக் கொட்டில்

மதில் தாண்டிப் பச்சைப் பனையோலை வாசம் வருகிறது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா தன் மொட்டைமாடிக்கு மேலே ஓலைக் கொட்டில் போட்டிருக்கிறாள். என் கொங்கிறீற் கூரைக்குக் கீழே மின்விசிறி அனலைத்தான் அள்ளி இறைக்கிறது. கடைக்கென்று போன என் கணவரை இன்னும் காணவில்லை.

சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையின் முதல் கொங்கிறீற் வீடு ஜெசிந்தாவுடையதுதான். எங்களுடையது ஓலை வீடு. கோயில் திருநாளுக்கு வருகிறவர்கள் அவள் வீட்டை நின்று பார்த்துவிட்டு எங்கள் வீட்டைக் கடந்து போவார்கள். எனக்கு வயிறு எரியும். பங்குனி பிறந்தாலோ, மத்தியானங்களில் அவளும் தாயும் தலையணையோடு எங்கள் வாசலில் நிற்பார்கள்.

"அக்கா, வீட்டுக்க இருக்கேலாமக் கிடக்கு. கொஞ்சம் சரிஞ்சிட்டுப் போறம்."

"வாங்கோ," என்று அம்மா மண் தரையில் தண்ணீர் தெளித்துப் பாய் விரிப்பார். நான் படுக்கும் மூலையில் ஜெசிந்தா படுத்தவுடன் தூங்கிவிடுவாள். அப்படி ஒரு வீட்டையும் வைத்துக்கொண்டு எங்கள் குளிர்ச்சியும் வேண்டுமாக்கும் என்று பல்லைக் கடிப்பேன்.

அந்த எரிச்சலில்தான் முற்றத்து வேம்பைத் தறித்து நானும் கொங்கிறீற் வீடு கட்டினேன். எல்லோரும் கட்டினார்கள். இப்போது ஒழுங்கை முழுக்க மதிலோடு மதில். கடற்காற்று நுழைய வழியில்லை.

ஜெசிந்தா மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

"தலகணியை எடுத்துக்கொண்டு வாவன். மேல நல்ல குளிர்."

கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எங்கட வீடும் குளிர்தான்," என்கிறேன்.

"அப்ப உன்ர மனுசன் ஏன் இஞ்ச எங்கட அவரோட படுத்துக் குறட்டை விடுறார்?"