அத்தான் வாங்கிய மூன்று பம்புகள்

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஆறு பேர் ஏறும் லிஃப்ட் பத்துப் பேரைத் தாங்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வீட்டிலும் அதே கதைதான். ஒரு சட்டையை மாட்ட நாலு ஆணி அடிக்கிற மனிதர். அக்கா நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து இரவு வேலைதான். காலையில் அவள் உள்ளே நுழையும்போது இவர் கிளம்பிக்கொண்டிருப்பார். லீவு நாளிலும் எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஓடிவிடுவார். அவளுக்கு லீவு கிடைக்கிற இரவில் அவள் பழக்கதோஷத்தில் விழித்துக் கிடப்பாள், இவர் தூங்கிவிடுவார். வாசலில் சாவி கைமாறும், அவ்வளவுதான். ஒன்பது வருடத்தை இப்படியே ஓட்டிவிட்டார்கள்.

வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் கட்டிலுக்கு எதிரே அத்தான் மீன்தொட்டி வைத்தார். எண்பது லிட்டர் தண்ணீர், நாலு மீன். காற்று பம்பு வாங்கப் போன இடத்தில் கை சும்மா இருக்குமா? இருநூறு லிட்டர் தொட்டிக்கு ஆனதைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டியதும் தொட்டி உலைபோலக் கொதித்தது. மீன்கள் நாலும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. பம்பு அலமாரிப் பலகையில் தடதடவென்று அதிர்ந்தபடி நகர்ந்துகொண்டே இருந்தது. நாளெல்லாம் மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை. அக்கா சொன்னதற்கெல்லாம் "போகப் போகப் பழகிடும்" என்றார்.

மூன்று வாரம் பொறுத்தாள். ஒரு நாள் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அந்த வீட்டுல இனிமே என்னால தூங்க முடியாதுடி. நேத்து ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தருக்குக் குடுக்கப் போயிட்டேன். கூட இருந்தவ பாத்துத் தடுத்தா. பயமா இருக்கு."

அத்தானைப் போனில் ஒரு பிடி பிடித்தேன்.

மறுநாளே உள்ளங்கைக்குள் அடங்குகிற பம்பு ஒன்றை வாங்கி மாட்டினார். சத்தம் இல்லை, காற்றும் இல்லை. தொட்டியின் அடியில், பம்புக் குழாயின் நுனியில் மாட்டிய கல்லிலிருந்து எப்போதோ ஒரு குமிழி வந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தன்னைப் பார்க்கத்தான் வருகின்றன என்று மனிதர் பூரித்துப் போயிருக்கிறார்! ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்த பிறகுதான் உறைத்தது. அவசர அவசரமாகப் பழைய பம்பையே மாட்டினார். அக்கா என் வீட்டிலேயே இருந்தாள்.

அன்று சாயங்காலமே மீன் கடைக்கு என்னையும் துணைக்கு அழைத்தார். கோபம் தீரவில்லை, ஆனாலும் போனேன்.

"தொட்டி எவ்ளோ ஆழம்?" என்று கேட்டார் கடைக்கார அம்மா.

"எண்பது லிட்டர்."

"லிட்டர் அப்புறம். ஆழம் சொல்லுங்க."

"ஒன்றரை அடி."

"காத்து அடி வரைக்கும் போனாத்தானே மேல வரும்? சின்ன பம்புக்கு அந்த ஆழத்துல தள்ளத் தெம்பு இருக்காது. பெட்டியில ரெண்டும் போட்டிருக்கும், ரெண்டையும் பாருங்க." நூறு லிட்டருக்கும் இரண்டடி ஆழத்துக்கும் ஆன ஒன்றை எடுத்து வைத்தார். "தேவைக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும். பலகையில வெக்காம, தண்ணி மட்டத்துக்கு மேல தொங்கவிடுங்க. அதிராது. ஆமா, அந்த ரூம்ல யாராவது தூங்குவாங்களா?"

அத்தான் பம்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தூங்கிட்டிருந்தாங்க" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் அக்கா வேலை முடிந்து வந்தபோது, அத்தான் லீவு போட்டுவிட்டு எங்கள் வாசலில் நின்றார்.

"பம்பு மாத்திட்டேன்."

"மீனுக்கு மூச்சு முட்டினா ஒரே நாள்ல தெரியுது உங்களுக்கு. நான் மூணு வாரமாச் சொன்னேனே?"

"தப்புதான். இன்னைக்கு ஒரு நாள் வந்து படுத்துப் பாரு. முடியலேன்னா தொட்டிய யாருக்காவது குடுத்துடறேன்."

அக்கா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அவரோடு போனாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று மணிக்குக் கிளம்பிப் போனேன். அவர்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே மாடிப்படியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றிவிட்டு, வருகிறவர்கள் கதவைத் தட்டிவிடாதபடி காவல். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"தூங்கறாளா?"

"அஞ்சு மணி நேரமா. எட்டி எட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன், ஒரே ஒரு தடவதான் புரண்டா." கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான் வேலைக்குப் போனப்புறம்தானே அவ படுப்பா. ஒம்போது வருஷத்துல அவ தூங்கறத இன்னைக்குத்தான் பாத்தேன். எவ்ளோ அசதி தெரியுமா அந்த முகத்துல!"

அவர் நகர்ந்து இடம் விட்டார். நானும் படியில் உட்கார்ந்தேன்.