வெட்டி எடுத்த மூன்று கதவுகள்

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயம் புதைந்த பிறகு, தப்பியவர்களைப் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் நான் அங்கே போய்ப் பெண்களைப் படம் வரைய வைப்பேன். சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை என்பதால் இரண்டு நாள் பயிற்சி தந்து அனுப்பியிருந்தார்கள். வீட்டை வரையச் சொல்ல வேண்டும், பிறகு அதன் கதையைச் சொல்லச் சொல்ல வேண்டும். 'குறுக்கிடாமல் கேட்கவும்' என்று என் கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

முதல் நாள் யாரும் பென்சிலைத் தொடவில்லை.

"கொழுந்து கிள்ளுற கையில பென்சிலக் குடுத்தா முனையத்தான் கிள்ளும் டீச்சர்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முதலில் எடுத்தவளும் அவள்தான். இரண்டு தாள்களை ஒட்டிக் கேட்டாள். நீளமான ஒரே கூரை போட்டு, அதன் கீழே ஒன்பது கதவுகள் வரைந்து, பெஸ்டல் கலர்க் கட்டியால் நிறம் தீட்டினாள்.

"அக்கா, இதுல உங்க வீடு எது?"

"நாங்க இருந்தது நாலாவது காம்பரா. ஆனா இது பூராவும்தாங்க வீடு."

ஒவ்வொரு கதவாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு போனாள். யார் வீட்டு ஆடு, யார் வீட்டு ரேடியோ, யார் யாரோடு பேசுவதில்லை. எனக்கோ கண் கடிகாரத்தில். இரண்டரை வயது மகளைக் காய்ச்சலோடு பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தேன். பஸ் போய்விடுமோ, மருந்து கொடுத்திருப்பார்களோ. ஆறாவது கதவோடு என் காது நின்றுவிட்டது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து பார்வையாளர்கள் வருவதாகச் சொன்னார்கள். படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிஸ்டல் போர்டு அட்டையில் ஒட்டினேன். அவளுடையது போர்டுக்கு வெளியே நீண்டது. நாலாவது கதவு இருக்கிறதுதானே என்று நினைத்து, ஆறாவது கதவுக்குப் பிறகு கத்தரிக்கோல் வைத்தேன். துண்டை வீணாக்க மனமில்லாமல் மகளிடம் கிறுக்கக் கொடுத்தேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்ததில் கேட்கும் என்பது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண்டபச் சுவரில் மாட்டியதும், பார்வையாளர்கள் வரும் முன்பே அந்த அக்கா தன் படத்தின் முன்னால் வந்து நின்றாள். விரலால் எண்ணினாள்.

"கடைசி மூணு காம்பரா எங்கங்க டீச்சர்?"

"இடம் பத்தல அக்கா..."

பின்னாலிருந்து ஒரு குரல்: "மல பாதிய எடுத்துச்சு, டீச்சர் மீதிய எடுத்துட்டாங்க!"

அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கடைசிப் பச்சக் கதவு மண்ணோட போன என் கூட்டாளியோடதுங்க. அன்னிக்குச் சொன்னேனே. பதினெட்டு வருசம் ஒரே நெரையில கொழுந்து எடுத்தோம். அவ போட்டோ ஒண்ணுகூட கெடைக்கல. இதப் பாத்தா, அவ உள்ள இருக்காப்புல இருந்துச்சு."

"வீட்ல பத்திரமா இருக்கு அக்கா. அடுத்த சனிக்கிழம கொண்டு வர்றேன்" என்றேன். பத்திரமாக இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

துண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பச்சைக் கதவு முழுக்கச் சிவப்புப் பெஸ்டல். மகளை அதட்டினேன், அவள் அழுதாள். பிறகு அதற்கும் வருந்தினேன். அதேபோல் ஒரு கதவை நானே வரைந்துவிடலாம் என்று தோன்றியது. வரைந்தும் பார்த்தேன். நேராக, அழகாக வந்தது. அந்த அக்காவின் கோணல் கோடு அதில் இல்லை. கிழித்துப் போட்டேன்.

சனிக்கிழமை கிறுக்கலோடேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்காமல் வெட்டியதையும் மகளிடம் கொடுத்ததையும் சொன்னேன். அன்றைக்கு நான் சரியாகக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவள் சேலைத் தலைப்பால் சிவப்பைத் துடைத்துப் பார்த்தாள். பெஸ்டல் போகவில்லை. பச்சையோடு கலந்து கதவு முழுக்க மண் நிறமாகப் பரவியது. துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"பரவால்லங்க டீச்சர். சின்னப் புள்ளதானே."

அந்தப் 'பரவால்லங்க' எனக்குப் பழக்கமானது. மருந்து முடிந்துவிட்டது என்று சொன்ன டிஸ்பென்சரிக்காரரிடமும், நாளைக்கு வா என்ற தோட்டத்து ஆபீஸ் கந்தோர் ஐயாவிடமும் என் அம்மா அதே குரலில்தான் அதைச் சொல்வார். பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்தவள் நான். என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.