ரோச் அண்ணாச்சியின் டைனமோ

ரோச் அண்ணாச்சி வீட்டுக்கு வழி கேக்கவே வேண்டாம். தெருமுனையில இறங்கி மூக்கு காட்டுற பக்கம் நடந்தா போதும். சுறா எண்ணெய் வாசம். உப்புத்தண்ணி மரத்தை அரிக்காம இருக்க வள்ளத்துக்குப் பூசுற எண்ணெயை இவரு காருக்குப் பூசுதாரு. அறுபத்தஞ்சு மாடல் ஃபியட். அடித்தகடு, கதவிடுக்கு, என்ஜினைச் சுத்தி இருக்க இரும்பு, ஒண்ணு விட மாட்டாரு. ஏன் அண்ணாச்சின்னு கேட்டா, "நம்ம ஊரு காத்துக்கு இரும்பும் ஒண்ணுதான், அப்பளமும் ஒண்ணுதாம்லே" ம்பாரு. அது உண்மைதான். எங்க நாலு பேர் வண்டியில துரு ஏறாதது அவரு வண்டி மட்டும்தான். போன வருஷம் வரைக்கும் ஓடாததும் அவரு வண்டி மட்டும்தான், ஆனா அதுக்குக் காரணம் வேற.

நாலு பேருன்னு சொன்னேன்லா. அண்ணாச்சி கப்பல் என்ஜின் ரூம்ல இருபத்தாறு வருஷம் வெந்துட்டு வந்தவரு. அமலன் உப்பு லாரி புரோக்கர். பேச்சிராஜாவுக்குப் புரோட்டாக் கடை. நான் லிங்கராஜ், துறைமுகத்துல மூட்டை எண்ணியே ரிட்டயர் ஆனவன். நாலு பேருக்கும் ஆளுக்கொரு பழைய ஃபியட், ஆளுக்கொரு கிறுக்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அண்ணாச்சி வந்ததும் அவரு வீட்டு முன்னால கூடுவோம்.

இந்த வண்டிக்கெல்லாம் சாமான் கிடைக்காது. கிடைச்சாலும் அசல் கிடைக்காது. அதனால யார் வண்டி மக்கர் பண்ணினாலும் நேரா அண்ணாச்சிகிட்ட வந்து நிப்போம். "உங்க வண்டி சும்மாதான அண்ணாச்சி நிக்கி?" இந்த ஒரு வார்த்தை போதும். மனுசன் ஸ்பேனரைத் தானே எடுத்துட்டு வந்து, தானே கழட்டி, எண்ணெய் தடவி, பழைய லுங்கித் துணியில சுத்திக் கையில கொடுப்பாரு. கார்புரேட்டர் அமலனுக்குப் போச்சு. வைப்பர் மோட்டாரும், டேஷ்போர்டுல சார்ஜ் இல்லன்னா எரியுற சிவப்பு பல்பும் பேச்சிராஜாவுக்குப் போச்சு. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற டைனமோ எனக்கு வந்துச்சு, ரெண்டு நாளைக்குன்னு. அது மூணு வருஷமாச்சு. ஒருத்தர் வண்டியைக் கழட்டி மூணு பேர் வண்டியை ஓட்டினோம். அதுக்கு நாங்க வச்ச பேரு நட்பு.

இதுல கிடந்து வேகுறது அவரு சம்சாரம் அந்தோணியம்மாள் மதினி. மதினிக்குப் பிறந்த ஊரு மணப்பாடு. அண்ணாச்சி கார் வாங்கின அன்னைக்கு ஒரு வாக்குக் கொடுத்தாரு. "இந்த வருஷம் சிலுவைத் திருவிழாவுக்கு உன்னைய இந்த வண்டியில கொண்டுபோய் கோயில் வாசல்ல இறக்குதேன்ளா." அதுக்கப்புறம் ஒம்பது திருவிழா வந்துபோச்சு. ஒம்பதுக்கும் மதினி பஸ்ல போனாவ. கோயில் வாசல்ல கூடப்பொறந்த தங்கச்சிமாரு வரிசையா நின்னு, "என்னக்கா, கார் பின்னால வருதோ?"ன்னு கேட்டுச் சிரிப்பாளுகளாம்.

போன வருஷம் மதினி நேரா எங்க கூட்டத்துக்கே வந்து நின்னாவ. கையில கரண்டி. "இந்தத் திருவிழாவுக்கு நான் இந்தக் கார்லதான் போவேன். போகலேன்னா மறுநாள் காயலான் கடைக்காரனைக் கூப்பிடுவேன். அவன் வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போகும்போது நீங்க நாலு பேரும் வரிசையா நின்னு டாட்டா காட்டுங்க" ன்னுட்டு குசினிக்குப் போயிட்டாவ. அண்ணாச்சி முகத்தைப் பாக்க முடியல. ஒம்பது வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த வண்டி. மதினி சொன்னா செய்யுற ஆளு.

எங்களுக்கு ரோசம் வந்துட்டு. இருக்காதா பின்ன? வாங்கின சாமானையெல்லாம் திருவிழாவுக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்னு தீர்மானம் போட்டோம். முதல் கையெழுத்தே நான்தான் போட்டேன். அமலன் முனங்கிக்கிட்டே கார்புரேட்டரைக் கொண்டாந்தான். பேச்சிராஜா வைப்பர் மோட்டாரைக் கொடுத்தான், பல்பை மறந்துட்டான்.

இப்ப என் கதையைச் சொல்லணும். சொல்ல நாக்கு கூசுது, சொல்லுதேன். என் வண்டியோட சொந்த டைனமோ செத்துப்போய் மூணு வருஷம். காயில் கட்டுறவன் பாத்துட்டு, "அண்ணாச்சி, இதை வாசல்ல போட்டு உக்காரலாம், வேற ஒண்ணுக்கும் ஆகாது"ன்னு சொல்லிட்டான். ரோச் அண்ணாச்சியோட டைனமோவைத் திருப்பிக் கொடுத்தா என் வண்டி நின்னுபோகும். அந்த வருஷம் திருநெல்வேலி கார் கண்காட்சியில என் வண்டிக்கு ரெண்டாம் பரிசு வேற கொடுத்திருந்தாவ. நான் என்ன செஞ்சேன்? செத்த டைனமோவுக்குக் கருப்புப் பெயிண்ட் அடிச்சேன். தருவைகுளத்துக்குப் போய் சுறா எண்ணெய் வாங்கிட்டு வந்து மேல தடவினேன். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கொண்டுபோய், "நீங்க இருங்க அண்ணாச்சி, மதினிக்காக நானே மாட்டுதேன்"னு என் கையாலயே மாட்டினேன். அண்ணாச்சி கண்கலங்கி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாரு. ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

பேட்டரி ஒரு நாளாவது தாங்கும்னு கணக்குப் போட்டேன். வெட்கங்கெட்ட கணக்கு. விடியுமுன்ன நாலு மணிக்கு வண்டி கிளம்புச்சு. மதினி அரக்குக் கலர் பட்டுச்சேலை, தலையில பிச்சிப்பூ. "வழியில எதுவும்னா உதவிக்கு இருப்போம்"னு நானும் பின்னாலயே என் வண்டியில போனேன். இருட்டுல ரெண்டு ஹெட்லைட்டும் போட்டுக்கிட்டு, வர்ற லாரிக்கெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டு ஜம்முனு போறாரு மனுசன். பேட்டரியும் பழசு. திருச்செந்தூர் தாண்டும்போதே லைட்டு மங்கிட்டு. குலசேகரன்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் பனைமரக் கூட்டத்துக்கிட்ட விடியுற நேரத்துல வண்டி ரெண்டு தும்மல் தும்மி நின்னுட்டு. அந்தச் சிவப்பு பல்பு மட்டும் இருந்திருந்தா மனுசன் துறைமுகம் தாண்டுமுன்ன கண்டுபிடிச்சிருப்பாரு.

அண்ணாச்சி பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. மதினி ஒண்ணும் ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு ரோட்டைப் பாத்தாவ. மணப்பாட்டுக்குப் போற பஸ் ஒண்ணு எங்களைத் தாண்டிப் போச்சு.

"மதினி, என் வண்டியில ஏறுங்க. பூசைக்காவது போயிரலாம்"னேன். நல்லவன் வேஷம் அவ்வளவு பழகிப்போச்சு எனக்கு.

"போளா, நீயாவது போ" ன்னாரு அண்ணாச்சி.

ஏறினாவ. ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். என் என்ஜின் நல்லா சூடாயிட்டு. சூடானா கருவாடு பொரிச்ச மாதிரி ஒரு வாசம் உள்ள வரும். என் சம்சாரம் சந்தனச்செல்வி மூணு வருஷமா கேக்கா, வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போற வண்டியில இது என்ன வாசம்னு. துறைமுகக் காத்துன்னு சொல்லி வச்சிருக்கேன்.

மதினி மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாவ. அப்புறம் இன்னொரு தரம்.

"தம்பி, வண்டியில என்ன எண்ணெய்?"

"அண்ணாச்சியைப் பாத்து நானும் பூசினேன் மதினி. தருவைகுளத்துல வாங்கினது."

"தருவைகுளத்துல குங்கிலியம் போட்டா காய்ச்சுதாவ?"

எனக்கு ஸ்டீரிங் வழுக்குச்சு.

"ஒம்பது வருஷமா என் குசினிக்குப் பின்னால நான் காய்ச்சுத எண்ணெய் தம்பி இது. சுறா எண்ணெயில ரெண்டு கை குங்கிலியம் போட்டு, அடுப்பைத் தணிச்சு, நின்னுகிட்டே கிண்டுவேன். அவரு இரும்புன்னா உயிரை விடுதாரேன்னு காய்ச்சினேன். நேத்து நீங்க கொண்டாந்து மாட்டினீகளே, அதுல வெறும் பச்சை எண்ணெய் வாசம். அப்பவே நெனச்சேன், என்னடா இதுன்னு. வாயைத் திறக்காம விட்டுட்டேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

செத்துப்போகலாம் போல இருந்துச்சு.

"வண்டியைத் திருப்புங்க" ன்னாவ. திருப்பினேன். "அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். கார் இல்லாம அவரு இருந்துருவாரு. நீங்க மூணு பேரும் இல்லாம இருக்க மாட்டாரு. பாவி மனுசன்."

பனைமரத்தடிக்குத் திரும்பி வந்தேன். "அண்ணாச்சி, என் டைனமோவையும் பேட்டரியையும் கழட்டி உங்க வண்டியில மாட்டுவோம்"னேன். அவரு மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. "உன் வண்டி இங்கன அநாதையா நிக்குமேலே!" மதினிதான், "தம்பி மனசாரக் கொடுக்காரு, வாங்கிக்கிடுங்க"ன்னாவ. அந்த 'மனசார'வைக் கேட்டதும் எனக்கு ஸ்பேனர் கையை விட்டு விழுந்துட்டு.

அரை மணி நேரத்துல ஃபியட் உறுமுச்சு. அண்ணாச்சி எண்ணெய்க் கையோட என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாரு. "கூடப்பொறந்தவன் செய்ய மாட்டாம்லே இதை!" சட்டை முதுகுல அஞ்சு விரலும் பதிஞ்சுபோச்சு. மதினி ஏறி உக்காந்து, சேலையைச் சரிபண்ணி, நேரா முன்னால பாத்துக்கிட்டுப் போனாவ. நான் செத்த டைனமோவையும் செத்த பேட்டரியையும் வச்சுக்கிட்டு ரோட்டோரம் நின்னேன். போறவன் வாறவன் எல்லாம் என்ன அண்ணாச்சி ரிப்பேரான்னு விசாரிச்சுட்டுப் போனான்.

மதினி கோயில் வாசல்ல இறங்கினதை போட்டோவுலதான் பாத்தேன். தங்கச்சிமாரு மூணு பேரும் பின்னால வாயைத் திறந்துகிட்டு நிக்காளுக. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கா, அது கணக்குல வராது.

அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்குப் பொன்னாடை போத்தினாவ. ஆமா, எனக்குத்தான். அண்ணாச்சி கண்ணீரோட பேசினாரு, அமலன் கை தட்டினான், பேச்சிராஜா கடையில இருந்து எல்லாருக்கும் புரோட்டா வந்துச்சு. மதினி தட்டு வைக்கும்போது என் முகத்தைப் பாக்கல. நான் புரோட்டாவைப் பிச்சுக்கிட்டே இருந்தேன், கறி நல்லாத்தான் இருந்துச்சு.

என் வண்டி ஒரு வருஷமா வீட்டுல நிக்கி. ஆனா அண்ணாச்சி நிம்மதியா விட்டாத்தானே! மாசத்துக்கு ஒருக்க வந்துருவாரு. "லேய், உன் டைனமோ என்கிட்ட இருக்கது எனக்கு உறுத்துதுலே. வந்து கழட்டிக்க." நான் வேண்டாம்பேன். ஊர்ல என் பேரு இன்னும் ஒரு முழம் வளரும்.

போன ஞாயித்துக்கிழமை தானே கழட்டி லுங்கித் துணியில சுத்திக் கொண்டாந்துட்டாரு. மறுநாள் திருவிழா. பின்னாலயே ஆட்டோவுல மதினியும் வந்து இறங்கினாவ, கையில பஸ்ஸுக்கு வச்சிருக்க கூடை.

"இந்தாலே. இவளை பஸ்ல அனுப்பிக்கிடுதேன். அடுத்தவன் சாமானை வச்சுக்கிட்டு என்னால கோயிலுக்குப் போக முடியாது" ன்னாரு.

அதுக்கு மேல எனக்குத் தாங்கல. "அது உங்க டைனமோ அண்ணாச்சி!"ன்னு கத்திட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். கருப்புப் பெயிண்ட் அடிச்சதை, தருவைகுளத்து எண்ணெயை, ரெண்டு டம்ளர் டீ குடிச்சதை. நான் களவாணி அண்ணாச்சி, அப்படின்னே சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துட்டு.

அண்ணாச்சி என்னையவே பாத்தாரு. அப்புறம் மதினி பக்கம் திரும்பி, "பாத்தியாளா? நான் உறுத்தல் இல்லாம வச்சுக்கிடணும்னு தன்னையே களவாணிங்கான். இப்படி ஒரு மனுசன் உண்டா?"

நான் மதினியைப் பாத்தேன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நம்பிருவாரு.

மதினி கூடையைக் கீழ வச்சாவ. டைனமோவை எடுத்து, துணியைப் பிரிச்சு, முகத்துக்கிட்ட கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பாத்து, என் கையில கொடுத்தாவ.

"தம்பி வந்து மாட்டட்டும்" ன்னாவ. "இந்தத் தரம் நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."