அனுப்பியவர் பெயர்

சண்டைக் காலத்தில் கல்லடிப் பாலத்தைத் தாண்ட அடையாள அட்டை வேண்டும். அட்டையில் இருப்பது நம் முகம்தானா என்று காவலுக்கு நிற்கும் ஆமிக்காரர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் தொண்டு நிறுவனத்தின் மெயில் சேர்வருக்குள் யாரும் யாருடைய பெயரிலும் நுழையலாம். அந்தச் சேர்வருக்குப் பொறுப்பாக இருந்தவன் நான்.

ஒரு நாள் காலை எங்கள் அலுவலகத்தை நடத்தும் பணிப்பாளர் கத்திக்கொண்டு வந்தார். எங்கள் கள அலுவலர் யோகேஸ்வரியின் பெயரில், 'என் அந்தரங்கப் படங்கள்' என்ற தலைப்போடு ஒரு ஈமெயில் நிதி தரும் வெள்ளைக்காரர்களுக்குப் போயிருந்தது. தான் அனுப்பவில்லை என்று அவள் அழுதாள். களுதாவளையில் அவள் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. இந்தக் கதை ஊருக்குப் போனால் வேலை மட்டுமா போகும்?

“உன்ட பேர்தானே புள்ள இதில இரிக்கு,” என்றார் பணிப்பாளர். வேலை நீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார்.

நான் மெயிலின் ஹெடரைத் திறந்தேன். எந்தக் கொம்பியூட்டரிலிருந்து புறப்பட்டது என்பது அதில் பதிவாகியிருக்கும். புறப்பட்ட இடம் பணிப்பாளரின் சொந்த லப்டொப். அதில் வைரஸ் புகுந்து, அட்ரஸ் புக்கில் அகப்பட்ட ஒரு பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறது. சொன்னேன். தன் லப்டொப்புக்கு வைரஸ் வராது, அது கொழும்பில் வாங்கியது என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் பெயரையும் யாரும் போடலாம் என்று காட்ட, அவர் பெயரிலேயே ஒரு ராஜினாமா மெயில் எழுதி, அவருக்கே அனுப்பினேன். அவருக்கு வரும் மெயில்களெல்லாம் கொழும்புத் தலைமையகத்துக்கும் பிரதி போகும்படி அவரே செய்வித்திருந்ததை மறந்துவிட்டேன்.

ஜெனரேட்டர் கேட்டு நாங்கள் எழுதியதற்கு மாதக்கணக்காக வாய் திறக்காத கொழும்பு, இதற்குத் தேத்தண்ணி ஆறுமுன் பதில் போட்டது: ராஜினாமா வருத்தத்துடன் ஏற்கப்படுகிறது.

பணிப்பாளர் போனில் கெஞ்சினார். தான் எழுதவில்லை என்றார். உங்கள் பெயர் இருக்கிறதே என்று அங்கே கேட்டார்கள். கடிதத்துக்காகக் காத்து நின்ற யோகேஸ்வரி மெல்லச் சொன்னாள்:

“ஹெடரப் பாக்கச் சொல்லுங்க சேர்.”

பார்த்தார்கள். இரண்டு வேலைகளும் தப்பின. திட்டு மட்டும் எனக்கு.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெயரை நம்பி ஒருவரையும் தண்டிக்காதீர்கள், ஹெடரைப் பாருங்கள்.

யோகேஸ்வரியிடம் பணிப்பாளர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. பெண் அலுவலர்கள் ஈமெயில் பாவிக்கும்போது ஒழுக்கத்தைப் பேண வேண்டுமாம். இதுவும் வைரஸ் வேலையாக இருக்கட்டும் என்று ஹெடரைத் திறந்தேன். அவரேதான் எழுதியிருந்தார்.