சிவப்புச் சேலையும் பச்சைத் தேயிலையும்

தவறு முழுக்க என்னுடையதுதான். கம்பளையில் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். தெல்தோட்டை மணப்பெண் ஒருத்தியைச் சிவப்புச் சேலையில் தேயிலைக்கு நடுவே எடுத்து, நிறத்தை மட்டும் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினேன். கொழுந்து பறிக்கும் அவள் அம்மா என் கடைக்கு வந்து பார்த்தார்.

"தேயிலை நல்லா இருக்கு தம்பி. மகளத்தான் காணோம்."

"கறுப்பு வெள்ளைன்னா அப்படித்தான்" என்று எரிந்து விழுந்தேன்.

"கோவிச்சுக்காதீங்க. அவ மருமகனோட கட்டாருக்குப் போயிட்டா. எனக்குப் பார்க்க இதுதான் இருக்கு."

உற்றுப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகி, சேலை செடியோடு கலந்திருந்தது. சிவப்பை மட்டும் வெளிச்சமாக்கி, பச்சையை இருட்டாக்கினேன். மகள் பளிச்சென்று தெரிந்தாள்.

"இப்ப வந்துட்டா" என்று திரையைத் தடவினார்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் நிறத்தை நீக்குமுன், இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்கிறேன்.