பெத்துராஜின் தீனிப்பலகை

பெத்துராஜுக்கு ஐம்பத்து மூன்று வயது நடக்கும்போது மதுரையில் ஒரு டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் ஏறி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை காற்றடித்துப் பார்த்தார். பிறகு என்ன தொழில் என்று கேட்டார்.

"போடியில ஏலக்காய் யாவாரம்" என்றார் பெத்துராஜ். அவரைப் பொறுத்தவரை மெதுவாகத்தான் சொன்னார். வெளியே பெஞ்சில் காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குரல் அப்படி. போடி கடைவீதியில் அவர் காய்க்கு விலை கூறினால் நாலு கடை தள்ளி இருப்பவர் எதிர்விலை சொல்லுவார். மலையிலிருந்து முதல் தடவையாக மூட்டையோடு இறங்குகிற ஆட்கள் அவர் கடைக்கு வழி கேட்பதில்லை. சத்தம் வரும் பக்கம் நடப்பார்கள். முப்பது வருஷமாக அந்தக் குரலை வைத்துத்தான் அவர் வியாபாரம் செய்தார், இரண்டு மகள்களைக் கட்டிக் கொடுத்தார், கிறிஸ்தவ சபைக் கமிட்டியில் எதிர்ப்பேச்சு இல்லாமல் ஜெயித்தார்.

"இது ரத்தக்கொதிப்பு. ஆறு மாசத்துக்குக் கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது. சத்தம் போட்டுப் பேசக் கூடாது" என்றார் டாக்டர். "வீட்டுல தோட்டம் இருக்குல்ல? அங்க உக்காந்து மரத்தையும் பறவையையும் பாத்துக்கிட்டு சும்மா இருங்க."

"சும்மா இருந்து என்ன செய்ய?"

"அதான் சொன்னேனே. சும்மா இருக்கணும்."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷக் கடைசி. போடிமெட்டு ரோட்டில் காய் மூட்டைகள் லோடு லோடாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். பெத்துராஜ் கடைச் சாவியை மைத்துனர் தங்கப்பாண்டியிடம் கொடுத்துவிட்டு, வீட்டுப் பின்னால் ஒரு ஈஸி சேரைப் போட்டு உட்கார்ந்தார்.

தோட்டம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒன்று இருந்தது. சதுரமான இடம். தரையைக் கெட்டிப்படுத்தி, கல் பொறுக்கி, இலை போட்டுச் சாப்பிடலாம் என்கிற மாதிரி பெருக்கி வைத்திருப்பார்கள். சுவரோரம் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஒரு சருகு விழுந்தால் அவர் மனைவி ஜெயபாக்கியம் அதைப் பாம்பைப் பார்த்ததுபோலப் பார்த்து எடுத்தெறிவாள். முதல் மூன்று நாளும் அங்கே உட்கார்ந்து பெத்துராஜ் பார்த்த மரம் எதுவும் இல்லை. பறவை ஒன்று, காக்கை. அதுவும் அவரைப் பார்த்துவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டது.

பறவையை மருந்தாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது, சரக்குதான் இல்லை, அவ்வளவுதான் விஷயம் என்று பெத்துராஜ் முடிவு செய்தார். சரக்கை வரவழைப்பது அவருக்குத் தெரியாத வித்தையா? மெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில், வெள்ளைக்கார மேனேஜர் கம்பத்தின் மேல் பலகை அடித்துத் தானியம் போட்டு வைத்ததையும், அதில் பெயர் தெரியாத குருவிகள் வந்து மொய்த்ததையும் அவர் முன்பு பார்த்திருக்கிறார். பார்த்துச் சிரித்தும் இருக்கிறார். இப்போது தச்சர் சின்னமுத்துவைக் கூப்பிட்டு அதே மாதிரி ஒன்று செய்யச் சொன்னார்.

சின்னமுத்து அளவெடுத்துக்கொண்டே கேட்டார். "எதுக்குண்ணே இது, ரேடியோ வைக்கவா?"

"குருவிக்கு."

"குருவி கேட்டுச்சா?"

பெத்துராஜ் பதில் சொல்ல வாயெடுத்து, ரத்தக்கொதிப்பை நினைத்து மூடிக்கொண்டார்.

பலகை நல்ல தேக்கு. சுற்றிலும் விளிம்பு கட்டி, நடுவில் தடுப்பு வைத்து மூன்று அறையாகப் பிரித்திருந்தது. ஏலக்காயைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று தரம் பிரிப்பதுபோல அவர் ஒன்றில் நிலக்கடலை, ஒன்றில் கம்பு, ஒன்றில் தினை என்று நிரப்பினார். தூசி தட்டி, சொத்தை பொறுக்கி, புடைத்த தானியம். நல்ல சாம்பிளை முன்னால் வைத்தால் வாங்குகிறவன் தானே வருவான் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. எதிரே பத்தடியில் சேரைப் போட்டு, வெயிலுக்குக் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, வாங்குகிறவர்களுக்காகக் காத்திருந்தார்.

மூன்று வாரத்தில் கடலையைக் காக்கை தின்றது. கம்பை அணில் தின்றது. அணிலைப் பறவைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு காலை முழுக்க யோசித்து, கூடாது என்று தீர்மானித்தார். தினையை யாரும் தொடவில்லை.

இதையெல்லாம் தாங்கியிருப்பார். தாங்க முடியாதது மண்சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான். அடுத்த வீட்டுச் சுந்தரம்மாளின் குடும்பத்துக்கு ராசிங்காபுரத்தில் நிலம். தை பிறந்ததும் அறுத்த கம்பும் சோளமும் வண்டி வண்டியாக வந்து அவள் முற்றத்தில் காயும். அந்த முற்றத்தில் ஒரு கொடுக்காப்புளி மரம், ஒரு முருங்கை, ஒரு வைக்கோற்படப்பு, எருமைக்குத் தண்ணீர் வைக்கிற ஓட்டைக் கல்தொட்டி. விடிந்தால் கிளி, மைனா, சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவி, மணிப்புறா என்று சந்தை கூடிவிடும். சுந்தரம்மாள் ஒரு கையில் மூங்கில் கழியும் மறு கையில் தகர டப்பாவுமாக நாள் முழுக்க அவற்றின் ஏழு தலைமுறையையும் ஏசுவாள். அவை முருங்கை வரைக்கும் பறந்து, அவள் திரும்பியதும் இறங்கும். இப்படி ஏச்சும் அடியும் வாங்கிக்கொண்டு அங்கே இருக்கிற பறவைகள், மரியாதையாகப் பலகை போட்டு அழைக்கிற இடத்துக்கு ஏன் வரவில்லை என்பது பெத்துராஜுக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் கௌரவத்தை விட்டுச் சுவரருகே போனார்.

"ஏ ஆத்தா, இம்புட்டுக் குருவியவும் எப்படி வரவழைக்கிற?"

சுந்தரம்மாள் கழியை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள். நோயாளியைக் கேலி செய்யக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. "வரவழைக்கிறேனா? வெரட்டி வெரட்டிக் கை வீங்கிப் போச்சுண்ணே. வீட்டுச் சோலி அப்படியே கெடக்கு."

"அப்ப ஒண்ணு செய்யி. ஒன் கம்ப எங்க தோட்டத்துல கொண்டாந்து காயப்போடு. தரை சுத்தமா இருக்கு."

தானியத்தின் பின்னால் குருவியும் வரும் என்பது அவர் கணக்கு. சுந்தரம்மாள் அன்றைக்கே இரண்டு மூட்டையைக் கொண்டுவந்து பரப்பினாள். பெத்துராஜ் குடையை விரித்து உட்கார்ந்தார். சாயங்காலம் வரை ஒரு குருவி இறங்கவில்லை. கம்பு மணி குறையாமல் காய்ந்து கிடந்தது. அள்ளும்போது சுந்தரம்மாளுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

"இப்படி ஒரு எடம் இந்தத் தெருவுலயே கெடையாதுண்ணே" என்றாள்.

மறுநாள் அவளோடு எதிர்வீட்டுப் பொன்னுமணி மல்லியோடு வந்தாள். அதற்கு அடுத்த நாள் இன்னும் மூன்று பேர். வாரம் முடிவதற்குள் அந்தத் தெருவின் கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் வற்றல் எல்லாம் பெத்துராஜின் தோட்டத்தில் காய்ந்தன. காவலுக்கு ஆள் வேண்டியதில்லை. ஆள்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாரே. மிளகாய் நெடியில் அவர் தும்மினார். தும்மும்போதெல்லாம், வானத்தில் போகிற பறவைகூட அந்த இடத்தைச் சுற்றிப் போவதாகப் பெண்கள் தங்களுக்குள் நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்த மாசிமாதம் கம்பத்தில் ஒரு துக்கத்துக்குப் போக நேர்ந்தது. பெத்துராஜும் ஜெயபாக்கியமும் விடியற்காலை பஸ்சுக்குப் புறப்பட்டுப் பொழுது சாயத் திரும்பினார்கள். தோட்டத்தில் பெண்கள் வாடிய முகத்தோடு நின்றார்கள்.

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாமப் போயிட்டீங்க" என்றாள் பொன்னுமணி. "ஊர்க் குருவி பூரா இங்கதான். கிளி மட்டும் முப்பது நாப்பது. ஒங்க பலகையிலகூட எடம் இல்லாம அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

பெத்துராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் பலகையைப் போய்ப் பார்த்தார். தினை தீர்ந்திருந்தது. ஒரு பச்சை இறகு கிடந்தது.

"நான் சத்தமே போடுறதில்லையே ஆத்தா" என்றார், கிட்டத்தட்டத் தனக்குத்தானே.

சுந்தரம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. "சத்தம் போடலண்ணே. ஆனா நீங்க சும்மா இருக்கிறது சும்மா இருக்கிற மாதிரியா இருக்கு? கால ஆட்டுறீங்க. செருமுறீங்க. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிச்சுத் தானியத்த அள்ளி அள்ளிப் பாக்குறீங்க. கொடைய வேற சுத்துறீங்க."

 மறுநாள் காலை சேரில் உட்காராமல், தோட்டத்தின் மூலையில் கக்கூசை ஒட்டி இருந்த குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அதன் சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, காற்றுக்காக ஒரு செங்கல் அளவு இரண்டு ஓட்டைகள் விட்டிருந்தது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, ஒரு ஓட்டையில் கண்ணை வைத்தார்.

முதலில் இரண்டு சிட்டுக்குருவி வந்தன. பிறகு மைனா. பிறகு தலையில் கறுப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக ஒரு கொண்டைக்குருவி, பலகையின் விளிம்பில் நின்று அவருடைய தினையைக் கொத்தியது. பெத்துராஜின் காலடியில் வாளி ஆடியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஜெயபாக்கியம் கதவைத் தட்டும் வரை அவர் இறங்கவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். உள்ளே என்ன செய்கிறார் என்று மனைவியிடம் அவர் சொல்லவில்லை. ஏலக்காய்க் கடைவீதியை அதட்டிய மனிதன் குளியலறை ஓட்டை வழியாகக் குருவி பார்க்கிறான் என்று எப்படிச் சொல்வது? ஜெயபாக்கியம் தானாக ஒரு முடிவுக்கு வந்து, கவலையோடு தம்பியிடம் சொன்னாள். தங்கப்பாண்டி கடையில் சொன்னார். இரண்டு நாளில் பெத்துராஜுக்கு வயிறு சரியில்லை என்பது மெட்டு வரைக்கும் தெரிந்துவிட்டது. தங்கப்பாண்டி ஒரு நாள் பாட்டிலோடு வந்தார்.

"மாதுளந்தோல் கசாயம் மச்சான். மூணு வேளை குடிங்க, வெரசா நிக்கும்."

நிற்பதற்கு ஒன்றும் ஓடவில்லை என்று சொன்னால், பிறகு உண்மையைச் சொல்ல வேண்டிவரும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு பெத்துராஜ் கசாயத்தைக் குடித்தார். நாலாம் நாள் அவருக்கு நிஜமாகவே வயிற்றில் தொந்தரவு, ஆனால் நேர் எதிரானது. சபையின் உபதேசியார் வீட்டுக்கு வந்து, அவருடைய வயிற்றைக் குறித்து நீண்ட ஜெபம் பண்ணினார். பெத்துராஜ் கண்ணை மூடிக்கொண்டு, சாயங்காலக் கிளிகள் வரும் நேரம் தவறுகிறதே என்று தவித்தார்.

பெண்களின் தவிப்பு வேறு. ஆள் உள்ளே போனதும் தானியம் போய்விடுகிறது. அவர்கள் கூடிப் பேசி ஜெயபாக்கியத்திடம் வந்தார்கள். "அண்ணனுக்கு முடியலேன்னா ஒண்ணும் இல்ல மதினி, சேர்ல படுத்துக்கிட்டாச்சும் இருக்கச் சொல்லுங்க. கண்ண மூடிக்கிட்டாக்கூடப் போதும்." கடைசியில் காலை பத்து மணி முதல் நாலு மணி வரை அவர் வெளியே உட்காருவது, மற்ற நேரம் அவர் இஷ்டம் என்று ஒரு ஏற்பாடு ஆனது. நாள் பூராவும் பறவையை விரட்டுவது, காலை மாலை அதே பறவையை ஒளிந்து பார்ப்பது என்று பங்குனி கழிந்தது.

சித்திரையில் ஒரு காலை வாளிமேல் ஏறிக் கண்ணை வைத்தபோது, ஓட்டையின் அந்தப் பக்கத்திலிருந்து மஞ்சள் வளையமிட்ட இன்னொரு கண் அவரைப் பார்த்தது. ஒரு மைனா, வாயில் வைக்கோல். இரண்டும் ஒன்றையொன்று கொஞ்ச நேரம் பார்த்தன. பெத்துராஜ்தான் முதலில் இறங்கினார். சத்தம் கேட்காமல் தாழை நீக்கி வெளியே வந்து, கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"குளிக்கிற ரூம்புக்குள்ள யாரும் போகக் கூடாது" என்றார் மனைவியிடம். "மைனா கூடு கட்டுது."

ஜெயபாக்கியத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவள் அவருடைய வயிற்றையும், பூட்டிய கதவையும், கசாயப் பாட்டிலையும் வரிசையாகப் பார்த்தாள். "அப்ப நாங்க எங்க குளிக்க?"

"சுந்தரம்மா வீட்டுல."

"இருவது வருசமா அந்த வீட்டுல ஒரு செம்புத் தண்ணி கேட்டதில்ல நான்."

"ஒரு மாசத்துக்குத்தான்."

அவள் துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு போனாள். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. போன முகம் திரும்பி வரவில்லை; சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஒளிய இடமில்லாத பெத்துராஜ் நாள் முழுக்கச் சேரில் இருந்தார். முட்டையிட்ட மைனா அவரால் மிரண்டு கூட்டை விட்டுவிடக் கூடாதே என்ற பயம். கால் ஆட வரும்போது இன்னொரு காலால் அழுத்திக்கொண்டார். இருமல் வந்தால் துண்டைக் கடித்தார். குடையை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெயிலில் காய்ந்தார். நாலைந்து நாளில் மைனா அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் அவர் காலடியில் நடந்து பூச்சி பொறுக்கியது. அதைப் பார்த்துச் சிட்டுக்குருவி இறங்கியது. சிட்டுக்குருவியைப் பார்த்துக் கிளி இறங்கியது. பலகையில் இறங்கியது, சுந்தரம்மாளின் சோளத்திலும் இறங்கியது.

"அண்ணே, நீங்க முந்தி மாதிரி இல்ல" என்றாள் சுந்தரம்மாள், வருத்தத்தோடு. "ஒங்கள நம்பித்தான போட்டோம்." பெண்கள் மிச்சத் தானியத்தை அள்ளிக்கொண்டு, சாக்கை உதறி, அவரவர் முற்றத்துக்குப் போனார்கள். பெத்துராஜ் அவர்களை நிறுத்தவில்லை. சாக்கை உதறிய இடத்தில் இருபது குருவிகள் இறங்கியிருந்தன, அசைந்தால் பறந்துவிடும்.

ஆனி மாதம் குஞ்சுகள் பறந்துபோயின. குளியலறையைத் திறந்து கழுவிவிட்டார்கள். பெத்துராஜ் கடைக்குத் திரும்பினார். ஜெயபாக்கியம் மட்டும் அதற்குப் பிறகும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அடுத்த வீட்டுக்குத்தான் போனாள். அங்கே வெந்நீர் நல்ல சூடாகக் கிடைக்கிறது, முதுகு தேய்க்க ஆளும் இருக்கிறது என்றாள்.